தின்ற இடம்

ஜெலாட்டின் என்பது வேறொன்றுமில்லை,
எலும்பைக் கொதிக்கவைத்து எடுத்த பசை.
கெலுகோர் மேட்டில், மூன்றாம் மாடியில்,
புரதம் வெட்டும் நொதிகளுக்கு
அதைத்தான் படையல் வைக்கிறேன்.

முப்பத்தேழு டிகிரியில் ஓர் இரவு.
அறையைப் பூட்டி, பஸ் பிடித்து, ஜெலுத்தோங்கில் இறங்கி,
மகனின் காலுறைகளைத் துவைத்துப்போட்டுத்
தூங்கி எழுவதற்குள்
அவை தின்று முடித்திருக்கும்.

காலையில் நீலச் சாயம். பிறகு கழுவல்.
காடி நெடி. மறுபடியும் கழுவல்.
தகடு முழுக்க நீலம் நிற்கும்.
நொதி இருந்த இடத்தில் மட்டும்
வெள்ளையாய் ஒரு கோடு.

இந்தச் சோதனை உனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது,
சியூ லிங் ஒருமுறை கேட்டாள்.
திருட்டுப்போன வீட்டு அலமாரியில்
தூசிக்கு நடுவே தெரியுமே
குடம் இருந்த வட்டம், அது மாதிரி என்றேன்.
அவள் வீட்டில் திருட்டுப்போனதில்லை போலும்.
விழித்தாள்.

ஐந்தாம் பாதை: பி நாற்பத்தேழு.
பெயர் எனக்குத் தெரியக்கூடாது, தெரியாது.
பெண். ஐம்பத்திரண்டு. இடது மார்பு.
பட்டர்வொர்த்துக்காரர் என்பதுகூட
குழாயோடு வந்த சீட்டில் தாதி கிறுக்கியதால்தான்:
பத்தரை ஃபெரியைப் பிடிக்கணுமாம், சீக்கிரம் விடவும்.

ஜனவரியில் மயிரிழை.
ஏப்ரலில் தையல் நூல்.
இந்த முறை
சுண்ணாம்பு விரலால் இழுத்த மாதிரி.

கட்டி இடம் பெயர வேண்டுமென்றால்
வேலியை யாராவது வெட்ட வேண்டும்.
கத்தரிக்கோல் இதுதான்.
ஆனால் என் மகனை எடுத்த பிறகு
வயிற்றுத் தழும்பை ஒழுங்குபடுத்தியதும் இதே கத்தரிக்கோல்.
முதல் பாதையில், ஒப்பிட்டுப் பார்க்க,
என் கையிலிருந்தே எடுத்த ரத்தம்.
அதிலும் மங்கலாய் ஒரு கோடு உண்டு.
சளி பிடித்தால் அதுவும் தடிக்கும்.
ஒரே ஒரு கோட்டை நம்பி
யார் மேலும் தீர்ப்பெழுத முடியாது.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில்
எல்லாக் கத்தரிகளையும் ஒரே கயிற்றில் கட்ட
மருந்து செய்து பார்த்தார்களாம்.
தோள்மூட்டு இறுகி, சட்டைக்குள் கை நுழைக்க முடியாமல்
மனிதர்கள் தவித்தார்கள்.
கட்டி, போகிற இடத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தது.

நேற்று மதியம் நாசி கண்டார் கடையில்
ஆட்டுக்கறி பஞ்சாய் இருந்தது.
பப்பாளித் தோலும்மா, என்றார் மஸ்தான் பாய்.
நேரம் பார்த்துக் கழுவிடணும்,
மறந்தா கறி கூழாயிடும்.
இரண்டாம் முறை குழம்பு கேட்கவில்லை நான்.

சியூ லிங் இப்போது வேறு வழி பார்க்கிறாள்.
நஞ்சைப் பொட்டலமாய் மடித்து
அந்த நொதிக்குப் பிடித்த முடிச்சைப் போடுகிறாள்.
வெட்டத் தெரிந்தவனே வெட்டித் திறக்கட்டும்,
அவன் வாசலிலேயே.
எட்டு எலிகளில் ஐந்து பிழைத்தன.
மற்ற மூன்றைப் பற்றி
வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசுவோம்.

கோட்டை அளந்தேன். நான்கு புள்ளி ஆறு.
இது அவர் மருத்துவரின் மேசைக்குப் போகாது.
ஆய்வு அட்டவணையில் ஒரு கட்டத்துக்குப் போகும்.
இன்னும் நூற்றுப்பத்துப் பேர் வேண்டும்,
மூன்று வருடம் வேண்டும்,
அதற்குப் பிறகுதான் இந்த எண்ணுக்குப் பேச்சு வரும்.
'குறிப்பு' என்ற கட்டத்தில் ஏதோ எழுதப்போய்
அழித்தேன்.

மணி பத்தரை.
இன்று அவர் வரும் நாளல்ல.
இந்த ஜன்னலில் பாலம் தெரியும்,
ஃபெரி தெரியாது.
நகக்கண்ணில் நீலத்தோடு
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.